ஞாயிறு இரவு அறிக்கையில் நீங்கள் எழுதாமல் விட்டவை

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த 28 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். கொழும்பில் சில காலம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளியூரிலிருந்து வரும் பார்சல் எதுவும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்வரை வருவதில்லை. டவுனில் ஏதோ ஒரு கடையில் போட்டுவிட்டு, "வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போன் பண்ணுவதோடு சரி. அதை எடுக்கப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். இதற்கு வழியாக, டவுன் கடைச் சாமான்களையும் பார்சல்களையும் தோட்டத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு செயலியை மூன்று பேர் சேர்ந்து தயாரிக்கிறார்கள். இவர் நிர்வாகம். கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் நண்பர் இரவில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார். தம்பி முறையான ஒருவர் ஆட்டோ வைத்திருக்கிறார், கடைக்காரர்களைத் தெரிந்தவர். பெரியப்பா மகன் இரண்டு தவணையாக 8 இலட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். எதற்கும் எழுத்து இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும் பிரதேச செயலகத்தில், இவருடைய பெயரில்.

ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறு இரவும் நான்கு பேரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரத்து முன்னேற்ற அறிக்கையை இவர் எழுதிப் போடுகிறார். தொடங்கும் நாள் தைப்பொங்கல் என்று இருந்து, சித்திரைப் புத்தாண்டாகி, இப்போது ஜூன் 8 என்று 2,000 துண்டுப்பிரசுரங்களில் அச்சாகிவிட்டது. கடைசி ஐந்து அறிக்கைகளிலும் "85 வீதம் முடிந்தது" என்றே இருக்கிறது. அண்ணன் எரிச்சலாகி, "எனக்கு இதில் என்ன பங்கு? இல்லாவிட்டால் காசைத் திருப்பிக் கொடு" என்கிறார். நண்பரோ 40 வீதம் தனக்கு என்று எழுதித் தந்தால்தான் சேர்வர் கடவுச்சொல்லைத் தருவேன் என்கிறார். "சட்டப்படி எனக்கு என்ன வழி? அறிக்கையில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதியது குற்றமா? தேதியைத் தள்ளலாமா?" என்பவை இவருடைய கேள்விகள்.

பதில்:

தங்கச்சி, நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நீங்கள் பெரிதாகப் பயப்படும் விஷயங்கள் சிலவற்றில் அவ்வளவு ஆபத்தில்லை. உண்மையான ஆபத்து மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 3 இலட்சம்

முதல் 5 இலட்சத்தை அண்ணன் கொடுத்தபோது உங்களிடம் இருந்தது ஒரு யோசனை மட்டும்தான். அதை அவரும் அறிந்தே கொடுத்தார். வியாபாரம் சரிவராமல் அந்தப் பணம் போனால் அது நஷ்டம். அதற்காக உங்களை யாரும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. தேதி தள்ளிப் போனதும் அப்படித்தான். தைப்பொங்கலுக்கு முடிப்போம் என்று நம்பிச் சொல்லி முடிக்காமல் போவது பொய் சொன்னதாக ஆகாது.

இரண்டாவது தவணை வேறு. ஜனவரியில் ஒரு ஞாயிறு "52 கடைகள் இணைந்துவிட்டன" என்று எழுதினீர்கள். மூன்று நாள் கழித்து 3 இலட்சம் வந்தது. உண்மையில் அன்று கையெழுத்துப் போட்டிருந்தவை 7 கடைகள், இன்று 11. மற்றவர்கள் "பார்ப்போம் பார்ப்போம்" என்று தலையாட்டியவர்கள். நீங்கள் இதைக் "கொஞ்சம் கூட்டி எழுதியது" என்கிறீர்கள். அண்ணனுடைய சட்டத்தரணி அதை அப்படிச் சொல்லமாட்டார்.

நம்முடைய தண்டனைச் சட்டக்கோவையில் 398 ஆம் பிரிவு வஞ்சித்தல் என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒருவரை ஏமாற்றி, அந்த ஏமாற்றத்தின் பேரில் அவர் பணத்தையோ பொருளையோ கொடுக்கும்படி செய்வதுதான் அதன் சாரம். 403 ஆம் பிரிவு அதற்குத் தண்டனை சொல்கிறது. கேள்வி எப்போதும் எண்ணத்தைப் பற்றியது. பணத்தை வாங்குவதற்காகத்தான் அந்த 52 எழுதப்பட்டதா, அல்லது தலையாட்டியவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டீர்களா? உங்கள் கடிதத்தை வாசித்த அளவில் இரண்டாவது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் திருத்தாமல் விட்டால், எண்ணத்தைப் பற்றிய கேள்வியில் உங்கள் பக்கம் பலவீனமாகிக்கொண்டே போகும். குற்றவியல் பக்கத்தை விட்டாலும், தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்தவர் அந்தக் கொடுக்கல் வாங்கலை ரத்துச் செய்யக் கேட்கலாம் என்பது சிவில் பக்கம்.

"வாட்ஸ்அப்பில்தானே எழுதினேன், கையெழுத்துப் போட்ட கடிதமா அது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியை ஒதுக்கிவிட முடியாது. சொல்லப்போனால் உங்கள் நான்கு பேருக்கும் இடையில் இருக்கும் ஒரே எழுத்து அந்த ஞாயிறு அறிக்கைகள்தான். யார் என்ன செய்தார், யார் எதற்குச் சம்மதித்தார், காசு எப்போது வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. உங்களுக்கு எதிராக மட்டும் இல்லை, உங்களுக்கு ஆதரவாகவும் இருக்கிறது. ஒன்றையும் அழிக்காதீர்கள். குழுவைக் கலைக்கவும் வேண்டாம். இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அப்புறம், திருத்தி எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்: "அண்ணா, ஜனவரி அறிக்கையில் 52 கடைகள் இணைந்ததாக எழுதியிருந்தேன். அன்று கையெழுத்திட்டவை 7. மற்றவை வாய்ப்பேச்சில் சம்மதித்தவை, அவற்றையும் சேர்த்து எண்ணியிருந்தேன். இன்று பணம் கட்டி இணைந்தவை 11. இதை முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்." காரணம் விளக்கி நீட்ட வேண்டாம், நண்பரையும் தம்பியையும் இழுக்க வேண்டாம். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள், ஏனென்றால் அதுவும் ஓர் ஆவணம்.

நிரல் யாருடையது

"நாங்கள் சொல்லித்தான் அவர் எழுதினார், ஆகவே அது எங்களுடையது" என்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கணினி நிரல் பதிப்புரிமை உள்ள ஆக்கம். எழுதியவர்தான் முதல் உரிமையாளர். அந்த உரிமை இன்னொருவருக்கு மாற வேண்டுமானால் எழுத்தில், கையொப்பத்தோடு மாற வேண்டும். உங்கள் நண்பர் சம்பளம் வாங்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே அவர் கேட்பது அடாவடியாகத் தெரிந்தாலும் அவருடைய கையில் இருப்பது வெறும் கடவுச்சொல் இல்லை, உண்மையான உரிமை.

ஆனால் அவருக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை அவர் யோசித்திருப்பாரா தெரியவில்லை. அதே சட்டப்படி, வேலையின் பகுதியாக ஓர் ஊழியர் உருவாக்கும் ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, வேலை கொடுத்தவருக்கே போகும். இரவில், சொந்த மடிக்கணினியில், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை எழுதினால் அது வேலையின் பகுதி இல்லை என்று வாதிடலாம். ஆனால் மென்பொருள் நிறுவனங்களின் நியமனக் கடிதங்களில், வேலைக் காலத்தில் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே என்றோ, வெளியில் வேறு தொழில் செய்யக்கூடாது என்றோ வரிகள் இருக்கும். நிறுவனம் கொடுத்த கணினியில் எழுதியிருந்தால் இன்னும் மோசம். பங்கு பேசுவதற்கு முன்னால் அவருடைய நியமனக் கடிதத்தை மூன்று பேரும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவருக்கே இல்லாத உரிமையை உங்களுக்கு எழுதித் தந்து பிரயோசனம் இல்லை.

கடிதத்தின் ஓரத்தில் பேனையால், "யாரையாவது வைத்து சேர்வருக்குள் நுழைய முடியுமாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாத நுழைவே குற்றம். இன்று பேசித் தீர்க்கக்கூடிய பங்குத் தகராறு, நாளைக்கு உங்கள் மேல் பொலிஸ் முறைப்பாடாகிவிடும்.

40 வீதம் அதிகமா, குறைவா என்று நான் சொல்ல முடியாது. கேட்கும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள். ஒரேயடியாக 40 ஐ இன்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் மூன்று மாதத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? பங்கு படிப்படியாக உரித்தாவதுதான் இப்படிப்பட்ட புதுத் தொழில்களில் வழக்கம். நான்கு வருடத்துக்குப் பரப்பி, முதல் வருடம் முடியும் முன்னால் விலகினால் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகு மாதாமாதம் சேரும் என்று வைப்பார்கள். இந்த நிபந்தனை அவருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்துத்தான். அப்படிச் சொன்னால் நியாயமான ஆள் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பங்கு பேச்சில் மட்டும் இருக்கிறது

"மூன்று பேரும் சமபங்கு என்று பேசிக்கொண்டோம், சாட்சி இருக்கிறது" என்கிறீர்கள். இங்கே 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்து நிற்கும். தேயிலை இந்த மலைக்கு வருவதற்கும் முந்திய சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் முதல் உள்ள பங்குடமையை நிலைநாட்ட வேண்டுமானால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய் இன்றைக்கு ஒரு பார்சலுக்குக் காணாது, ஆனால் தொகை அப்படியே இருக்கிறது.

இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். உங்களுக்குள்ளே ஒருவர் மேல் ஒருவர் "எனக்கு மூன்றில் ஒன்று உண்டு" என்று வழக்கு நடத்துவது கடினம். ஆனால் வெளியாட்கள் உங்களைப் பங்காளிகளாகக் காட்டி வழக்குப் போடுவதை அதே சட்டம் தடுக்கவில்லை. ஆட்டோ ஒரு பிள்ளையை இடித்துவிட்டால், அல்லது ஒரு கடைக்காரரின் 60,000 ரூபாய்ச் சாமான் தொலைந்துவிட்டால், நீங்கள் மூன்று பேரும் பங்காளிகள் என்று அவர்கள் காட்டலாம். பங்குடமையில் கடன் உங்கள் சொந்தச் சொத்துவரை வரும். பதிவு உங்கள் பெயரில் மட்டும் இருப்பதால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பற்றியும் ஒன்று. அது இருந்தால் அந்தப் பெயரை வேறு யாரும் பயன்படுத்த முடியாது என்று நம்பியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. இந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர் யார் என்று ஊருக்குத் தெரியப்படுத்தும் பதிவு அது. பெயருக்கும் சின்னத்துக்கும் பாதுகாப்பு வேண்டுமானால் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். அதேபோல, யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று கடைக்காரர்களிடம் பாதியைத்தான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை, ஒளித்து வைத்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. முழுதாகச் சொல்லாததால்தான் 41 பேர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உங்கள் நிலையில் நான் பரிந்துரைப்பது தனியார் கம்பனிதான். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரரும் ஒரே ஒரு பணிப்பாளரும் இருந்தாலே தனியார் கம்பனி தொடங்கலாம். பங்குதாரர்கள் 50 பேருக்கு மேல் போகக்கூடாது. கம்பனிச் செயலாளர் ஒருவர் கட்டாயம். பதிவைக் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையவழியிலேயே செய்யலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் பெயரில் மட்டும் சத்தமில்லாமல் பதிந்துவிட்டு மற்றவர்களிடம் பிறகு சொல்லலாமா என்று கேட்டதற்கு என் பதில், வேண்டாம். முடியாது என்பதற்காக இல்லை. அதோடு நண்பர் நிரலைத் தரப்போவதில்லை, அண்ணன் நீதிமன்றத்துக்குப் போவார்.

அண்ணனுக்கு இரண்டு வழிகளைத் திறந்து வையுங்கள். ஒன்று, 8 இலட்சத்தையும் கடனாக எழுதி, திருப்பிக் கொடுக்கும் காலத்தைக் குறிப்பது. மற்றது, கம்பனி பதிந்ததும் அதற்கு ஈடாகப் பங்கு கொடுப்பது. 5 இலட்சம் பங்கு, 3 இலட்சம் கடன் என்று பிரிப்பதையும் நீங்களே முன்வைக்கலாம். அந்தக் 3 இலட்சத்தின் கதை தெரிந்தபின் அவருக்கு அது நியாயமாகப் படும். அவர் காத்திருக்கமாட்டார் என்று அவசரப்பட வேண்டாம், ஆனால் காலம் முழுக்க உங்கள் பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட மூன்று வருடமும், எழுத்தில் உள்ளதற்கு ஆறு வருடமும் அவருக்கு உண்டு. பேச்சு முறிந்தால், குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணத் தகராறுகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபைகள் அவை. சொந்தக்காரர்களுக்கிடையில் அங்கே பேசுவது அவமானம் ஒன்றுமில்லை. சில வேளை கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடிகிற மாதிரி முடிவதும் அங்கேதான்.

ஜூன் 8

துண்டுப்பிரசுரத்தில் போட்ட தேதியைத் தள்ளுவது சட்டப்படி பொதுமக்களிடம் பெரிய பிரச்சினை இல்லை. 11 கடைகளிடம் தலா 1,500 ரூபாய் இணைப்புக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா, அவர்களோடு மட்டும் ஒப்பந்தம் இருக்கிறது. அவர்களிடம் நேரில் போய்ப் புதுத் தேதியைச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

ஆனால் முழுதாகத் தள்ளாதீர்கள் என்பேன். இது சட்டம் இல்லை, இந்த ஊரில் இருக்கிறவள் என்ற முறையில் சொல்வது. முதலாவது, 8 ஆம் திகதி யார் தேர்ந்தெடுத்தது? தோட்டத்தில் சம்பளம் 10 ஆம் திகதி. எட்டாம் திகதி பார்சலைக் கொண்டுபோய் வாசலில் நின்று காசு கேட்டால் பாதி திரும்பி வரும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தோட்டத்துப் பாதைகளில் ஆட்டோ ஏறாத நாட்களும் இருக்கும். 12, 13 ஐ ஒட்டி, ஒரே ஒரு தோட்டம், அதன் இரண்டு டிவிசன் (உட்பிரிவு), அந்த 11 கடைகள் என்று சின்னதாகத் தொடங்குங்கள். தீபாவளி முற்பணம் வரும் நேரத்தில்தான் உங்கள் சேவைக்கு உண்மையான நெருக்கடி வரும். அதுவரை நான்கு மாதம் பழகிக்கொள்ளக் கிடைக்கும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். பரீட்சார்த்தமாக 19 பார்சல் கொண்டுபோய் 6 சேரவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். குழுவில் போட்ட எந்த அறிக்கையிலும் இது இல்லை. ஏன் சேரவில்லை என்பதையும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். செயலி வீட்டு இலக்கமும் வீதியும் கேட்கிறது. லயத்தில் எந்த வீதி? பல குடும்பங்களுக்குத் தனி முகவரியே இல்லை, தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கிருந்துதான் கைமாறிக் கைமாறிப் போகிறது. ஒரே டிவிசனில் மூன்று ராஜேஸ்வரி இருந்தால் பார்சல் மூன்றாவது வாசலில்தான் சரியான ஆளைச் சேரும், சேர்ந்தால். நம்முடைய ஆட்கள் ஒருவரைக் கண்டுபிடிப்பது தோட்டம், டிவிசன், லயத்து எண், அப்பா பெயர் என்ற வரிசையில். சில வீடுகளுக்குப் பட்டப்பெயர்தான் முகவரி. செயலி கேட்க வேண்டியது அதைத்தான். உங்கள் தொழிலின் உயிரே இந்த ஆறு பார்சலில் இருக்கிறது. நீங்கள் அதை வெட்கப்பட வேண்டிய தோல்வி என்று நினைத்து மறைத்துவிட்டு, 85 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுக்கு அந்த ஆறைச் சொல்லியிருந்தால், வழி தேட அவரும் நான்கு பேரிடம் கேட்டிருப்பார்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இன்னும் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

செயலியில் மக்கள் முன்கூட்டியே காசு போட்டு வைக்கும் வசதியை எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் பணத்தை மின்னணு முறையில் வைத்திருந்து கொடுப்பது மத்திய வங்கியின் அனுமதி தேவைப்படும் வேலை. அனுமதியில்லாமல் வைப்புப் பணம் ஏற்பது 2011 ஆம் ஆண்டின் நிதித் தொழில் சட்டத்தில் குற்றம். கையில் பணம், இல்லாவிட்டால் வங்கிக் கணக்குக்குப் பணம், அதோடு நிறுத்துங்கள்.

பிரசுரத்தில் "மருந்தும் வீடு தேடி வரும்" என்று இருக்கிறது. மருந்து விற்பனை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் உரிமம் பெற்றவர்களுக்கு உரியது. டவுன் பார்மசியோடு தெளிவான ஏற்பாடு வரும்வரை அந்த வரியைப் பேனையால் அடித்துவிட்டுக் கொடுங்கள். 2,000 ஐயும் திரும்ப அச்சடிக்கத் தேவையில்லை.

அடையாள அட்டை இலக்கத்தைப் பதிவுக்கு ஏன் கேட்கிறீர்கள்? பார்சல் கொடுக்க அது வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை, தேவைக்கு மேல் தகவல் சேர்க்கக்கூடாது என்பது. சேர்த்தால் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்.

தம்பியின் ஆட்டோவின் காப்புறுதி என்ன பாவனைக்கு எடுத்தது என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்ததை வைத்து வாடகைக்குச் சாமான் ஏற்றினால், விபத்து நேரத்தில் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பு உண்டு. தோட்டத்துப் பாதை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பதால், துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) வாயால் கேட்ட அனுமதி போதாது, ஒரு கடிதமாக வாங்குங்கள். துரை மாறினால் வாய்ப்பேச்சும் மாறிவிடும்.

"கமிஷன் பையன்கள்" என்று இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வழியில் போக வேண்டும், எந்த நாள் லீவு என்பதெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள் என்றால், அவர்களைக் கமிஷன்காரர்கள் என்று அழைப்பதால் மட்டும் ஊழியர்கள் இல்லை என்று ஆகிவிடாது. ஊழியர் என்றால் முதல் ஆளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர்கள் பங்கு 8 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். தோட்டத்தில் சேமலாப நிதிக்காக எத்தனை பேர் அலைந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே வேலையை நீங்களும் இந்தப் பையன்களுக்குச் செய்துவிடக்கூடாது.

இனி வரும் ஞாயிறுகள்

அறிக்கையை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். நிறுத்தாதீர்கள். வீதக் கணக்கை மட்டும் நிறுத்துங்கள். 85 வீதம் என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, ஆகவே யாரும் நம்பவும் முடியாது. அதற்குப் பதிலாக, அந்த வாரம் எத்தனை பார்சல் போனது, எத்தனை சேர்ந்தது, சேராதது ஏன் என்று எழுதுங்கள். கையில் இருக்கும் காசு எவ்வளவு, எத்தனை மாதத்துக்குக் காணும் என்று எழுதுங்கள். கடைகளைச் சொல்லும்போது பணம் கட்டியவர், கையெழுத்திட்டவர், பேசிக்கொண்டிருப்பவர் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஏதாவது முடிவெடுத்தால் யார் யார் சம்மதித்தார்கள் என்று ஒரு வரி, மற்றவர்கள் "சரி" என்று பதில் போடும்வரை அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்பதை இரண்டுக்கு மேல் எழுத வேண்டாம். பத்து எழுதினால் அடுத்த ஞாயிறு எட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், அங்கேதான் கூட்டிக் குறைக்கும் ஆசை வருகிறது.

நண்பரையும் தம்பியையும் தங்கள் பகுதியைத் தாங்களே எழுதச் சொல்லுங்கள். ஏழு மாதம் மூன்று பேருடைய வேலையையும் நீங்கள் ஒருவரே எழுதியதால், எல்லாப் பொய்யும் உங்களுடையது போலத் தெரிகிறது, எல்லா உழைப்பும் கூட. நிரல் எழுதியவருக்குத் தன் வேலை மறைக்கப்படுகிறது என்ற மனத்தாங்கல் இருக்கலாம். 40 வீதக் கோரிக்கைக்குப் பின்னால் அதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை பேசிப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலையின் வரிசை இது: முதலில் வாட்ஸ்அப் பிரதி, பிறகு ஒரு சட்டத்தரணியைச் சந்திப்பது, அப்புறம் திருத்தச் செய்தி, அதற்குப் பின்னால்தான் நண்பரோடு பங்குப் பேச்சு. கட்டணம் கட்ட வசதியில்லை என்றால், நுவரெலியா உட்பட நீதிமன்றம் உள்ள பல ஊர்களில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். போகும்போது வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், 11 கடைகளுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டுகளின் அடித்துண்டு, அண்ணனின் பணம் வந்த இரண்டு நாட்களையும் காட்டும் வங்கிக் கூற்று, ஜனவரி மாதத்து அறிக்கைகள் முழுவதும் எடுத்துப் போங்கள். நண்பர் சம்மதித்தால் அவருடைய நியமனக் கடிதத்தின் பிரதியையும்.